பச்சை ஜாடிக்கு வழி

விருத்தாசலம்
12.06.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பூர்ணிமா எழுதுவது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். போனில் என் பேர் வந்தாலே கட் பண்ணிவிடுகிறாய். எட்டு மாதம் ஆகிவிட்டது. அண்ணியிடம் கேட்டால், "அவரு இன்னும் எறங்கி வரல பூர்ணி, நீயே ஏதாவது பண்ணு" என்கிறாள். தபாலை நீ கட் பண்ண முடியாது அல்லவா, அதனால்தான் இந்த வழி.

இங்கே எல்லோரும் சுகம். காவியா பிளஸ் டூ போகிறாள். பட்டறை ஓடுகிறது. ஊறுகாய் ஜாடிக்கு இந்த வருஷம் நல்ல ஆர்டர், எல்லாம் ஆவக்காய் போடுகிற ஆந்திராக்காரர்கள் புண்ணியம். நம் குட்டியானையை இப்போதும் நானேதான் ஓட்டுகிறேன். வாரத்தில் மூன்று நாள் பொதுச் சூளையில் எனக்கு முறை. நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஐந்து நிமிஷம் பிந்தினால் ஜாடிகள் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியாததா.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பட்டறைக்காரர் சங்கத்தில் ஒருவர் கேட்டார். நீ டூட்டியில் நின்ற முக்கில் இப்போது வேகக் கேமரா வைத்திருக்கிறார்களே, அது எல்லா வண்டியையும் படம் பிடித்து வைக்குமா, இல்லை நாற்பதைத் தாண்டுகிற வண்டியை மட்டுமா? முப்பத்தெட்டில் போகிற வண்டி அதில் எங்காவது பதிவாகியிருக்குமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

சொல்ல மறந்துவிட்டேன். கூழ் விற்கிற கொளஞ்சியம்மாளுக்குத் திங்கட்கிழமை அடிபட்டுவிட்டது. அதே முக்கில்தான். இடுப்பிலும் வலது தொடையிலும் எலும்பு முறிந்து கடலூரில் சேர்த்திருக்கிறார்கள். நம் பட்டறையில் ஜாடி துடைக்கிற கனகா அவருடைய மகள்தானே, அவளும் அங்கேதான் இருக்கிறாள்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் தங்கை
பூர்ணிமா


பண்ருட்டி
16.06.2025

பூர்ணிமாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் சங்கத்தாருக்கு என் நினைப்பு வந்ததற்குச் சந்தோஷம். அது எட்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் நான் இங்கே பலாப்பழ லாரிக்குக் கை காட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

கேட்டதற்குப் பதில். மேற்படி கேமரா நாற்பதைத் தாண்டினால்தான் படம் எடுக்கும். முப்பத்தொன்பதில் போகிறவன் ஒரு ஆளையே தூக்கி அடித்துவிட்டுப் போனாலும் அதற்குக் கவலை இல்லை. அவன் நம்பர் எங்கேயும் இருக்காது. இதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன். பதினோரு வருஷம் அந்த முக்கில் நின்றவன் நான். மீசை முளைக்காத பையன் வண்டி ஓட்டினால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அப்பனை வரவழைப்பேன். குடித்துவிட்டு வருகிறவனை வண்டி வருகிற வளைவிலேயே கண்டுபிடிப்பேன். கேமரா என்ன செய்யும்? பதினைந்து நாள் கழித்துப் போனுக்கு அபராதச் சீட்டு அனுப்பும். அதற்குள் அவன் இன்னும் நாற்பது தடவை அதே மாதிரி போயிருப்பான்.

கேமரா கேட்டு நீங்கள் கொடுத்த மனுவை எனக்கும் காட்டினார்கள். பதினாலாவது கையெழுத்து உன்னுடையது. "பணியிலுள்ள காவலர் தமக்கு வேண்டியவர்களின் வண்டிகளை முன்னே விட்டு மற்றவர்களை நிறுத்தி வைக்கிறார்" என்று அதில் ஒரு வரி. யார் அந்த வேண்டியவர்கள்? நீதான். உன்னோடு சேர்த்து ஏழெட்டுப் பட்டறைக்காரர்கள். சூளையில் வேகாத பச்சை ஜாடி, சடன் பிரேக் போட்டால் அப்பளமாக நொறுங்கிவிடும் என்று பட்டறை வைத்த முதல் வருஷம் நீ என் முன்னால் நின்று அழுதாய். அன்றிலிருந்து பச்சை ஏற்றிய வண்டி வந்தால் ரெண்டு விசில் ஊதி மற்ற எல்லோரையும் நிறுத்தினேன். நீங்கள் பிரேக்கில் கால் வைக்காமல் முக்கைத் தாண்டினீர்கள். அதையே குற்றம் என்று எழுதிக் கலெக்டரிடம் கொடுத்தீர்கள். கேமராவை மாட்டிய மறு வாரம் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

கொளஞ்சியக்காவை இடித்தது யார் என்று நீ எழுதவில்லை. எழுதாததைப் பார்த்தால் நிறுத்தாமல் போய்விட்டான் போலிருக்கிறது. அந்தம்மா என் விசிலுக்குக் கட்டுப்பட்ட ஆள். தலையில் கூழ்ப்பானையோடு, நான் கை காட்டுகிற வரைக்கும் ஓர் அடி எடுத்து வைக்காது. நான் அங்கே இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது. இடித்துவிட்டு ஓடிய அந்த நாய் மட்டும் என் கையில் சிக்கியிருக்க வேண்டும்.

பழமலைநாதன்


விருத்தாசலம்
19.06.2025

அண்ணா,

அந்த நாய் நான்தான்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சங்கத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. உன் வாயைப் பிடுங்கத்தான் அப்படி எழுதினேன். அதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதைவிடப் பெரியது மீதி இருக்கிறது, ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கேமராவில் நான் இரண்டு தடவை மாட்டினேன். ஒரு தடவை நாற்பத்தேழு, ஒரு தடவை நாற்பத்துநாலு. அதற்குப் பிறகு உஷாராகிவிட்டேன். முக்கு வருவதற்கு முன்னாலேயே வேகமுள்ளைப் பார்த்துக்கொண்டு முப்பத்தெட்டில் நிறுத்திவிடுவேன். அன்றைக்கும் அப்படித்தான். மணி மூன்று நாற்பது. பின்னால் வைக்கோல் பரப்பி முந்நூற்றுப் பன்னிரண்டு பச்சை ஜாடி. கண்ணை முள்ளிலிருந்து எடுத்து நிமிர்ந்தபோது கொளஞ்சியம்மா ரோட்டில் இறங்கியிருந்தார்.

நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன் அண்ணா. நடுவில் ஏழெட்டு வண்டி நீளம் இடம் இருந்தது. கால் பிரேக்குக்குப் போனது. போய், மேலே நின்றது. ஐயோ ஜாடி என்றுதான் எனக்குத் தோன்றியது. ஓங்கி மிதிக்கவில்லை, பதமாக அழுத்தினேன். அவர் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். எப்போதும் மற்றவர்கள்தானே நிற்பார்கள். அவர் நிற்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். கூழ் ரோடெல்லாம் கொட்டிக் கிடந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தார், அவர் திரும்புவதற்குள் வளைவு வந்துவிட்டது. நான் நேராகச் சூளைக்குப் போனேன். நாலு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருந்தது. ஜாடிகளை இறக்கி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து அடுக்கினோம். ஒன்றுகூட உடையவில்லை, ஒரு கீறல்கூட விழவில்லை. சூளைக்காரர், "உங்க கை ராசியான கைம்மா" என்றார். நான் அதற்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பட்டறைக்குத் திரும்பினால் கனகா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "அக்கா, அம்மாவ எவனோ அடிச்சிப் போட்டுட்டுப் போயிட்டான்க்கா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து, "நீங்க இருக்கிறீங்கன்னுதான்க்கா தைரியமா இருக்குது" என்றாள்.

இன்னொன்றும் இருக்கிறது. மனுவில் நீ சொல்கிற அந்த வரியை நான் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். போன வருஷம் அங்கே ஒரு காலேஜ் பையன் லாரியில் அடிபட்டுச் செத்ததிலிருந்து எல்லோருக்கும் பயம். வரியும் உண்மைதான் என்று தோன்றியது. கேமராவும் இருக்கும், நீயும் இருப்பாய் என்று நினைத்தோம். ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்வார்கள் என்று யாருக்குத் தெரியும். ஆனால் நீ சொல்கிற மாதிரி கேமராவால் பிரயோஜனமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். லாரிகள் அடங்கிவிட்டன. எட்டு மாதமாக அந்த முக்கில் ஒரு சாவு இல்லை. எல்லோரும் நாற்பதுக்குள்தான் போகிறார்கள். நானும் நாற்பதுக்குள்தான் போனேன்.

நான் என்ன செய்யட்டும்? அண்ணனாகச் சொல்கிறாயோ போலீஸாகச் சொல்கிறாயோ, ஏதாவது சொல்.

பூர்ணிமா


பண்ருட்டி
21.06.2025

பூர்ணி,

போனில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதே. அண்ணியிடமும் பேசாதே. இதைப் படித்ததும் அடுப்பில் போடு.

வண்டியின் முன்பக்கத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டு நீயே கழுவு, ஆளை விட்டுக் கழுவாதே. நசுங்கல் இருந்தால் விருத்தாசலத்தில் சரி செய்ய வேண்டாம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் கொண்டுபோய் மாடு குறுக்கே வந்துவிட்டது என்று சொல். ஆஸ்பத்திரிக்குப் போகாதே. கனகாவுக்கு எப்போதும் கொடுக்கிற லீவு மட்டும் கொடு. கூடுதலாக எதுவும் செய்யாதே, செய்தால் ஏன் என்று கேள்வி வரும். அந்த முக்கை விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் சுற்றுவழியில் போ.

கேமராவில் நீ இல்லை. பார்த்த ஆளும் இல்லை. ரெண்டு மூன்று மாதத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். முப்பது வருஷ சர்வீஸில் இப்படி மறைத்தவர்கள் எத்தனையோ பேரை நான் பிடித்திருக்கிறேன். எந்த இடத்தில் கோட்டை விடுவார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

நாய் என்று நான் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. உன் மகள் காவியாவை நினைத்துக்கொள்.

பழமலை


விருத்தாசலம்
29.06.2025

அண்ணா,

நீ சொன்னபடியே ஐந்தாறு நாள் இருந்தேன். வண்டியை நானே கழுவினேன். முன் பம்பர் ஓரத்தில் கூழ் காய்ந்து ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டி எடுத்தேன். சுற்றுவழியில் போனேன். கனகா போன் பண்ணும்போதெல்லாம் "அம்மா எப்படி இருக்காங்க" என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல வரும் என்று எனக்கே தெரியாது. அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

ஒன்றை மட்டும் மீறினேன். நேற்று கடலூருக்குப் போய்விட்டேன்.

கொளஞ்சியம்மாவின் காலில் கம்பி போட்டு எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். திரும்பிப் படுக்க முடியாது. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "வா பாப்பா, ஒக்காரு. இந்த வெயில்ல ஏன் வந்த?" என்றார். பிறகு மகளிடம், "கனகா, கீழ போயி பாப்பாவுக்கு டீ வாங்கியா" என்று அனுப்பினார். அவள் படி இறங்குகிற சத்தம் ஓய்கிற வரைக்கும் காத்திருந்து, என் பக்கம் தலையைச் சாய்த்து மெதுவாகக் கேட்டார்:

"சரக்கு ஒண்ணும் ஒடயலயே பாப்பா?"

எனக்குப் புரியவில்லை. எந்தச் சரக்கும்மா என்றேன்.

"அன்னிக்கி ஏத்திக்கினு போனியே, அதான். நான் குறுக்க வந்ததுல ஒடஞ்சிருக்குமோன்னு எனக்கு ஒரே கவலை. ஏட்டையா இருந்தா விசிலு வுடுவாரு, நான் நின்னுக்குவன். அன்னிக்கி விசிலு சத்தம் இல்ல, நான் பாட்டுக்கு எறங்கிட்டன். பச்ச வண்டி பிரேக்கு போடாதுன்னு எனக்குத் தெரியாதா? எம்மேலதான் தப்பு. போலீசு வந்து கேட்டாங்க. கண்ணு செரியாத் தெரியலங்க, எந்த வண்டின்னு சொல்லத் தெரியலன்னுட்டன். கனகா கிட்ட கூட சொல்லல. நீ பயப்படாத."

அண்ணா, அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இதை எப்படி வாங்கிக்கொள்வது? நான் எவ்வளவு கேவலமான ஆள் என்றால், அந்த நிமிஷத்தில் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. இவர் சொல்ல மாட்டார் என்ற நிம்மதி. அதற்கு அப்புறம்தான் அழுகை வந்தது. கனகா டீயோடு வந்து, "அழாதீங்கக்கா, அம்மா நல்லாயிடும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன். அதற்கு முன்னால் இன்றைக்கே கனகாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும். ஸ்டேஷனைவிட அதற்குத்தான் பயமாக இருக்கிறது, அதனால்தான் முதலில் உனக்கு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காவியாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன்னிடம் உத்தரவு கேட்டு இதை எழுதவில்லை. நீ என்ன சொன்னாலும் போகத்தான் போகிறேன். உன் கடிதத்தை நான் அடுப்பில் போடவில்லை. இத்துடன் வைத்து அனுப்பியிருக்கிறேன். நீ சொல்லித்தான் மறைத்தேன் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். உன் வேலைக்கு எதுவும் வரக் கூடாது. நீயே கிழித்துப் போட்டுவிடு.

பூர்ணிமா


பண்ருட்டி
05.07.2025

அன்புள்ள பூர்ணிக்கு,

உன் கடிதம் புதன்கிழமைதான் கைக்கு வந்தது. அதற்குள் நீ போய் எழுதிக் கொடுத்துவிட்டாய். ஜாமீனில் விட்டுவிட்டார்கள் என்றும், வண்டியை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றும் அண்ணி சொன்னாள். சாயங்காலம் உனக்குப் போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. உன் கோபம் நியாயம்தான்.

நீ திருப்பி அனுப்பிய கடிதத்தை நான் கிழிக்கவில்லை. முதலில் கிழிக்கத்தான் எடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை படித்துப் பார்ப்போம் என்று படித்தேன். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவு என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதத்தில் கொளஞ்சியக்கா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேரைக்கூட எழுதவில்லை. பதினோரு வருஷம் தினம் பார்த்த முகம். நாய் என்று யாரை எழுதினேனோ தெரியவில்லை, எனக்கு அது சரியாகப் பொருந்துகிறது. வியாழக்கிழமை காலையில் அதை என் இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, "இத நீங்க குடுக்கலன்னா யாருக்கும் தெரியாதே ஏட்டு" என்றார். "தெரியாதுங்க" என்றேன். விளக்கம் கேட்டு மெமோ வரும். என்ன வருகிறதோ வரட்டும்.

நேற்று கடலூர் போனேன். டூட்டி முடிந்து அப்படியே யூனிபார்மோடு பஸ் ஏறிவிட்டேன். கனகா வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். உன்னிடம் அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

கொளஞ்சியக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். எடை கட்டிய காலோடு, "ஏட்டையா, ஏட்டையா" என்று தோளைத் தூக்குகிறார். படு அக்கா என்று பிடித்துப் படுக்க வைத்தேன். நீ எழுதிக் கொடுத்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்கு வருத்தம். "நான்தான் சொல்லலியே, அது ஏன்யா போயி தானா மாட்டிக்கிச்சி? பச்ச வண்டி வந்தா நாமதான நிக்கணும்" என்று எனக்கே எடுத்துச் சொல்கிறார்.

அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான் பூர்ணி. நீ இல்லை. ரெண்டு விசில் ஊதி, கையை நீட்டி, தலையில் பானையோடு ஒரு மனுஷியை ரோட்டோரம் நிறுத்தி, உன் ஜாடிகளைப் போகவிட்டேன். அது பெரிய உதவி என்று பெருமை வேறு பட்டேன். நான் இருந்திருந்தால் நடந்திருக்காது என்று உனக்கு எழுதினேன். நான் அங்கே இருந்ததால்தான் நடந்தது என்று இப்போது தோன்றுகிறது. கேமரா வந்தது, நான் போனேன். நான் பழக்கிய பழக்கம் மட்டும் உங்கள் ரெண்டு பேரிடமும் அப்படியே இருந்திருக்கிறது.

இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். "யக்கா, ஜாடி ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போவுது. அது வெறும் மண்ணு. வண்டிதான் நிக்கணும், நீ நிக்க வேணாம். தப்பு ஒம்மேல இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்ப இத்தினி வருசமா என்னை எதுக்குய்யா வெயில்ல நிக்க வச்ச?"

கோபமாகக் கேட்கவில்லை பூர்ணி. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

உன் அண்ணன்
பழமலைநாதன்